பத்தியும் பரீட்சையும்

நாவல்களையும் சிறுகதைகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக விமரிசனம் எழுதுகிறோம். ஆயிரம் பிரதி விற்ற ஒரு நாவலுக்காகப் பத்திரிகைகளில் ஆறு மாதம் சண்டை நடப்பதும் உண்டு. ஆனால் வருஷந்தோறும் பல லட்சம் பிள்ளைகள் ஒரே நாளில், ஒரே வேளையில், உள்ளங்கை வியர்க்கப் படிக்கிற உரைநடை ஒன்று இருக்கிறது. அதை யாரும் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. பரீட்சைத் தாளில் ஒரு பத்தியை அச்சிட்டு, கீழே நாலு கேள்வி போட்டு, படித்து விடை எழுது என்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். தமிழ்த் தாளிலும் உண்டு. இங்கிலீஷ் தாளிலும் உண்டு. எந்த நாவலாசிரியனுக்கும் கிடைக்காத வாசகக் கூட்டம் அந்தப் பத்திக்குக் கிடைக்கிறது. அதற்கு ஒரு விமரிசகன் கிடைக்காமல் போவானேன்?

கதையைப் பற்றி இங்கே பேச்சில்லை. கட்டுரை, செய்தி, கடிதம், அறிக்கை, சட்ட வாசகம், விளம்பரம் என்று கதை அல்லாத உரைநடை எவ்வளவோ இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்கிறோம் என்பதே விஷயம்.

இதைப் பற்றி யோசிக்கும்போது கரியாலூரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறினால், வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் இருக்கிற ஊர் அது. பட்டணத்துப் பையன் ஒருவன் ஒரு பத்தியைச் சரியாகப் படிக்கத் தெரியாமலே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அவனைச் சுற்றிப் படித்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். மாமா ஒருவர் வக்கீல் ஆபீஸில் இருப்பார். சித்தப்பா பாங்கியில் இருப்பார். மலையில் பல வீடுகளில், முதல் தடவையாகப் பத்தாம் வகுப்பு வரையில் வந்த பிள்ளையிடம்தான் வீட்டுக்கு வந்த காகிதத்தை நீட்டுகிறார்கள். 'என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு' என்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்தது மார்க்கு வாங்கும் வித்தையா, காகிதத்தைப் படிக்கும் வித்தையா என்பது அந்த நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

முதலில் பரீட்சைப் பத்தியை எடுத்துக்கொள்வோம். பழைய கேள்வித் தாள்களைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகும். பெரும்பாலான பத்திகளுக்கு ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. மரம் வளர்ப்பதன் அவசியம், நேரத்தின் அருமை, நூலகத்தின் பயன், ஒரு தலைவரின் பிறப்பும் தொண்டும் என்று பொருள்கள் வரும். அவற்றில் யாரும் யாருடனும் வாதாடுவதில்லை. சந்தேகம் என்பதே கிடையாது. மறுத்துச் சொல்வதற்கு இடமில்லாத ஒன்றைப் படிக்கும்போது மூளை தூங்கப் போய்விடுகிறது. அது பிள்ளையின் குற்றம் ஆகாது.

அடுத்தது, அதற்குத் தயார் செய்கிற முறை. டியூஷன் வாத்தியார்களும் கையேடுகளும் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கேள்வியை முதலில் படி. அதில் உள்ள பெயரையோ எண்ணையோ பத்தியில் தேடு. அகப்பட்ட வரியை அப்படியே இறக்கு. கடைசியில் முற்றுப்புள்ளி வை. இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. அதுதான் அதில் உள்ள அபாயம். எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வாக்கியம் தருகிறேன்:

'துமிளர்கள் கசும்பியை வெழறிக் காலத்தில்தான் மொதுவார்கள்; ஏனென்றால் அப்போதுதான் அது கினைந்திருக்கும்.'

இதில் துமிளர், கசும்பி, வெழறி, மொதுவுதல், கினைதல் என்ற சொற்களுக்கு எந்த அகராதியிலும் அர்த்தம் தேட வேண்டாம், நான் இட்டுக்கட்டியவை. இப்போது கேள்விகள். துமிளர்கள் கசும்பியை எப்போது மொதுவார்கள்? வெழறிக் காலத்தில். ஏன் அப்போது மொதுவார்கள்? அப்போதுதான் கசும்பி கினைந்திருக்கும். வாசகர் இரண்டு கேள்விக்கும் சரியான விடை எழுதிவிட்டார். முழு மார்க்கு. கசும்பி மரமா, மிருகமா, பலகாரமா என்று தெரியாது. தமிழ் வேற்றுமை உருபுகள் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானவை. 'ஐ'யும் 'இல்'லும் தெரிந்தால் போதும், அர்த்தமே தெரியாமல் பத்தாம் வகுப்புப் பத்தியைக் கடந்துவிடலாம். நம்முடைய பிள்ளைகள் அநேகர் இப்படித்தான் கடக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இது வெறும் சந்தேகம் என்று தள்ளிவிட முடியாது. பிஸா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சர்வதேசத் தேர்வு ஒன்று உண்டு. 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்துவது. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக, இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் அதை எழுதின. முடிவு 2011 டிசம்பரில் வெளிவந்தது. வாசிப்பில் அந்தத் தேர்வை நடத்தும் அமைப்பைச் சேர்ந்த நாடுகளின் சராசரி 493. தமிழ்நாடு பெற்றது 337. குறைந்தபட்சம் இவ்வளவு இருந்தால்தான் வாழ்க்கையில் வாசிப்பு உபயோகப்படும் என்று அவர்கள் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். அந்த நாடுகளில் 100-க்கு 81 பேர் அந்தக் கோட்டைத் தொட்டிருந்தார்கள். இங்கே 17 பேர். எழுபதுக்கு மேற்பட்ட இடங்கள் கலந்துகொண்ட வரிசையில் நாமும் ஹிமாசலமும் கடைசிப் படிகளில், கிர்கிஸ்தானுக்குப் பக்கத்தில் நின்றோம். பிறகு 2012, 2015, 2018, 2022 ஆகிய சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை.

அப்போது சொல்லப்பட்ட சமாதானம், கேள்விகள் நம் நாட்டுச் சூழலுக்கு அந்நியமானவை என்பது. இதைக் கொஞ்சம் பரிசீலிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் இருந்து அவர்களே வெளியிட்ட பகுதிகளில் ஒன்று ஆப்பிரிக்காவில் உள்ள சாடு ஏரியைப் பற்றியது. பல்லாயிரம் வருஷங்களில் ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டுப் படம் ஒன்று. சஹாராப் பாறைகளில் ஆதிமனிதர்கள் வரைந்த மிருகங்கள் எந்தெந்தக் காலத்தவை என்று காட்டும் படம் இன்னொன்று. சாடு ஏரி பின்லாந்துப் பையனுக்கும் அந்நியம்தான். அவன் அதில் குளித்தவன் இல்லை. கேள்வியோ ஏரியைப் பற்றியது அன்று. இரண்டாவது படம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கேட்கிறார்கள். பாறையில் வரையப்பட்ட மிருகம், வரைந்த காலத்தில் அந்தப் பிரதேசத்தில் இருந்தது என்பதே அந்த அனுமானம். இதை எந்த வரியிலிருந்தும் பெயர்த்து எழுத முடியாது. எழுதினவர் சொல்லாமலே நம்பிக்கொண்டிருப்பது என்ன என்று யோசித்தால்தான் விடை வரும்.

அதே தேர்வில் இன்னொரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பொதுச் சுவர்களில் படம் வரைவதைப் பற்றி இரண்டு பேர் எழுதிய கடிதங்கள். ஒருத்திக்குக் கோபம். பள்ளிச் சுவரை நாலாவது தடவையாகக் கழுவி வர்ணம் அடிக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். இன்னொருத்தி, கம்பெனிக்காரன் ஊரெங்கும் விளம்பரம் ஒட்டும்போது யாரிடம் அனுமதி கேட்டான் என்று திருப்பிக் கேட்கிறாள். நீ யார் பக்கம் என்று பிள்ளையைக் கேட்டுவிட்டு, அடுத்தபடியாக ஒரு கேள்வி வைக்கிறார்கள். நீ யார் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டில் எது நன்றாக எழுதப்பட்ட கடிதம், ஏன்? இது முழுக்க முழுக்க இலக்கிய விமரிசகனின் கேள்வி. தனக்குப் பிடிக்காத கருத்து நன்றாகச் சொல்லப்பட்டிருக்கலாம், பிடித்த கருத்து மோசமாகச் சொல்லப்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் பக்குவத்தை 15 வயதில் எதிர்பார்க்கிறார்கள். நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களிடமே அதை எதிர்பார்க்க முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அந்நியம் என்ற புகாரில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயர் வாங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் சூரர்களான, ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்புத் திறமை என்பது தனியாக டப்பாவில் அடைத்து வைக்கிற சரக்கு இல்லை. விஷய ஞானத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாவதைப் பற்றி ஒரு பகுதி கொடுத்தால், மரவள்ளிக் கொல்லை நடுவே வளர்ந்த கல்வராயன் மலைப் பிள்ளை சென்னைப் பையனுக்குப் பாடம் நடத்தும். மெட்ரோ ரயிலைப் பற்றிக் கொடுத்தால் அவன் இவளுக்கு நடத்துவான். ஆகவே பத்தி தேர்ந்தெடுக்கிறவர்கள் எப்போதும் ஒரே பக்கம் சாய்வது அநியாயம். ஆனால் இதற்குப் பரிகாரம், மலைப் பிள்ளைக்கு மலையைப் பற்றி மட்டும் கொடுப்பது ஆகாது. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குக் கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான்.

தெரிந்ததில் தொடங்குவது எப்படி என்பதற்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். பத்தி என்னுடையது, விஷயம் மலையுடையது.

'கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர், பேசுவது தமிழே. இவர்களுடைய முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாம். அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்களாம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை இடம் பெற்றிருக்கிறது. ஆனால் மூத்தவர் எந்த மலைக்குப் போனார் என்பதை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதில்லை.'

வழக்கமான கேள்வித் தாள் இதற்கு என்ன கேட்கும்? மலையாளிகளின் முன்னோர் எங்கிருந்து வந்தனர்? சகோதரர்கள் எத்தனை பேர்? தர்ஸ்டனின் நூல் எந்த ஆண்டு வெளிவந்தது? விடைக் குறிப்பு: காஞ்சிபுரம், மூவர், 1909. திருத்துகிறவருக்குச் சௌகரியம், எழுதுகிறவருக்கும் சௌகரியம். ஆனால் முதல் விடை தப்பு. காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று பத்தி சொல்லவே இல்லை. வந்தவர்களாம் என்று சொல்கிறது. அந்த 'ஆம்' என்ற ஒரே அசையில் எழுதினவர் தம் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை, சொல்லக் கேள்வி, பொறுப்பு என்னுடையதல்ல என்கிறார். விடைக் குறிப்போ அந்த அசையை உரித்துப் போட்டுவிட்டு, கேள்விப்பட்ட கதையைச் சரித்திரமாக்கிப் பிள்ளையின் தலையில் வைக்கிறது. பத்தியைப் படித்து விடை எழுதச் சொன்ன பரீட்சையே பத்தியைப் படிக்கவில்லை.

இதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம். இதில் எழுதினவர் தாமே உறுதி கூறுவது எது, பிறர் சொன்னதாகச் சொல்வது எது? அதை எந்தச் சொல்லால் கண்டுபிடித்தாய்? தர்ஸ்டன் நூலில் இருப்பதால் கதை உண்மையாகிவிடுகிறதா, அல்லது 1909-லேயே அப்படி ஒரு கதை வழங்கிற்று என்பது மட்டும் தெரிகிறதா? கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டால் பத்தியின் மேல் உன் நம்பிக்கை கூடுமா, குறையுமா? 'தமிழ்' என்று எழுதாமல் 'தமிழே' என்று எழுதியது எதற்காக?

இந்தக் கேள்விகளுக்குப் பயப்பட வேண்டாம். கரியாலூர்ப் பெண் ஒருத்தி தினமும் பத்துத் தடவை 'ஆம்' போட்டுப் பேசுகிறாள். 'அவங்க வந்தாங்க' என்பதற்கும் 'வந்தாங்களாம்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் அவள் ஒருநாளும் தவறமாட்டாள். வம்புக்காரி வந்து சொன்னதைத் தன் சாட்சியமாகச் சொல்லி மாட்டிக்கொள்ளமாட்டாள். மூன்று வயதிலிருந்து அவளிடம் இருக்கிற இந்த ஞானத்தை அச்சடித்த பக்கத்தின்மேல் பிரயோகிக்கலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உபாத்தியாயர் செய்ய வேண்டியது அதுதான். புதிதாக ஒன்றை ஊட்ட வேண்டியதில்லை.

கதை அல்லாத உரைநடையில் பெயர்ச்சொற்களும் எண்களும் பெரிதாகக் கண்ணில் படுகின்றன. ஆனால் அர்த்தத்தைத் தாங்கி நிற்பவை சின்னச் சொற்கள். ஆம், உம், தான், கூட, மட்டும், ஆவது, ஆனால், ஆகையால், வரையில் என்பவை. தொல்காப்பியர் இவற்றுக்காகவே ஓர் இயல் ஒதுக்கினார். உம்மைக்கு எட்டுப் பொருள் உண்டு என்று நன்னூல் படித்த பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். பரிமேலழகர் குறளுக்கு உரை எழுதும்போது, இந்த இடத்தில் உம்மை எதைக் குறிக்கிறது என்று நின்று சொல்லிவிட்டுப் போகிறார். பத்தியைப் படித்து விடை எழுதும் கலையை நமக்கு வெளிநாட்டான் சொல்லித்தர வேண்டியதில்லை. உரைகாரர்கள் பல நூறு வருஷங்களாக அதையே செய்தார்கள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? எச்சவும்மை, முற்றும்மை என்பவை இலக்கணப் பாடத்தில் ஒரு மார்க்குக் கேள்வியாக இருக்கின்றன. பத்தி இன்னொரு பகுதியில் இருக்கிறது. இரண்டு அறைக்கும் நடுவே கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். 'மலைக் கிராமங்களிலும் மின்சாரம் வந்துவிட்டது' என்று ஒரு வரி. 'மலைக் கிராமங்கள் எல்லாவற்றிலும் மின்சாரம் வந்துவிட்டது' என்று இன்னொரு வரி. முதலாவது, சமவெளியோடு மலையிலும் வந்தது என்கிறது. எல்லா ஊருக்கும் வந்ததாக அது சொல்லவில்லை. இரண்டாவது ஒன்றைக்கூட விடவில்லை என்கிறது. இரண்டு வாக்கியத்துக்கும் இடையே இருட்டில் சில ஊர்கள் இருக்கலாம். எச்சத்துக்கும் முற்றுக்கும் உள்ள வித்தியாசம் பரீட்சைக்காக மட்டும் ஏற்பட்டதல்ல என்று அப்போது பிள்ளைக்குப் புரியும்.

கல்வராயன் மலையில் இது விளையாட்டு விஷயம் அல்ல. அந்த மலை வெகுகாலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-இல்தான் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. அதுவரையில் ஜாகீர்தாரின் வாய்ச்சொல் சட்டம். அதற்கப்புறம் வாய்ச்சொல் போய்க் காகிதம் வந்தது. சாதிச் சான்றிதழ், பட்டா, வனத்துறை அறிவிப்பு, மனுவுக்குப் பதில் என்று எல்லாம் காகிதம். வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் தன் நிலையை அறிந்தாவது இருந்தான். காகிதத்தைத் தப்பாகப் படித்தவனுக்குத் தான் எதை இழந்தோம் என்பதே தெரியாது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு நிலத்தில் பயிரிட்டு வாழும் பழங்குடி மக்களுக்கு அந்த நிலத்தில் உரிமை தருகிற சட்டம். அதன்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் அவர்கள் வசம் இருந்திருக்க வேண்டும். உரிமை, உண்மையில் வசத்தில் இருக்கும் அளவுக்கு மட்டும். எப்படியும் 4 ஹெக்டேருக்கு மேற்படக் கூடாது. நம்முடைய டியூஷன் முறையில் பழகின பையன் இதில் எண்ணைத் தேடுவான். 4 ஹெக்டேர் என்று அகப்படும். வீட்டில் போய், 'நமக்கு 4 ஹெக்டேர் கிடைக்கும்' என்பான். 'மட்டும்' என்பதையும் 'மேற்படக் கூடாது' என்பதையும் நின்று படித்தவன், 'நம்ம கையில் எவ்வளவு இருக்கோ அவ்வளவு. அதுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு' என்பான். முதல் பையன் பரீட்சையில் முழு மார்க்கு வாங்குவான். இரண்டாவது பையனை நம்பித்தான் மனு எழுத முடியும்.

செய்தித்தாளும் அப்படித்தான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெதனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சாவு நடந்தது சமவெளியில். ஆனால் சாராய வேட்டை என்ற செய்தியில் கல்வராயன் மலையின் பெயர் அடிபட்டது. அதை ஒட்டி, மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட சமயத்தில் 'மலையில் சாராயம் காய்ச்சுகிறார்கள்' என்று ஒரு வரி அச்சில் வந்தால், அதில் எழுவாய் எங்கே? தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் படித்தது இதுதான். காய்ச்சுகிறவர்கள் சிலராக இருக்கலாம். வாக்கியம் அவர்களைச் சொல்லாமல் விட்டதால் பழி மலை முழுவதன் மேலும் இறங்குகிறது. மலைப் பிள்ளை ஒருத்தி தன் ஊரைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, 'யார் காய்ச்சுகிறார்கள்? யார் சொல்வது? எதை வைத்து?' என்று கேட்கத் தெரிந்திருந்தால், அவள் தலை குனிய வேண்டியதில்லை. கோபப்பட்டுப் பேப்பரைக் கிழிக்கவும் வேண்டியதில்லை. பதில் எழுதலாம்.

எல்லாம் சரி, மார்ச்சில் பரீட்சை இருக்கிறதே, 40 நிமிஷ வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று உபாத்தியாயர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதல் வாசிப்பில் கேள்விகளை ஒரு காகிதத்தால் மூடிவிட வேண்டும். பேனா கீழே இருக்க வேண்டும். பத்தியைப் படித்து முடித்ததும், இது என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன், இது என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். ஒன்றைச் சொல்கிறதா, மறுக்கிறதா, உதாரணம் காட்டுகிறதா, சந்தேகப்படுகிறதா, பயமுறுத்துகிறதா, விற்கப் பார்க்கிறதா? ஓரத்தில் ஒரே சொல்லில் எழுதினால் போதும். பிறகு ஒரு பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். 'மட்டும்' என்ற இடத்தில் குரல் அழுந்துகிறதா, 'ஆனால்' வரும்போது திரும்புகிறதா என்று காது கொடுத்தால், புரிந்ததா இல்லையா என்பது விடைத்தாள் இல்லாமலே தெரிந்துவிடும். அதற்கப்புறம் பிள்ளைகளே கேள்வி தயாரிக்கட்டும். வரியைப் பெயர்த்து விடை எழுதக்கூடிய கேள்வி ஒன்று, அப்படி எழுத முடியாத கேள்வி ஒன்று. இரண்டாவதைத் தயாரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, பரீட்சையில் வரும் முதல் வகைக் கேள்வி வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது மாதிரி. மார்க்கு ஒன்றும் நஷ்டமாகாது.

துண்டுப் பத்திகளை மட்டும் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். முழுக் கட்டுரையாக, ஆசிரியர் பெயரோடு கொடுக்க வேண்டும். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தபோது மத்தியதரக் குடும்பங்கள் கதையைப் போல அதைப் படித்தன. ஏ. கே. செட்டியார் பிரயாணங்களைப் பற்றி எழுதியதில் ஒரு சொல் கூடுதலாக இராது. பெ. நா. அப்புசாமி விஞ்ஞானத்தைத் தமிழில் தெளிவாகச் சொன்னார். இவை இருக்கும்போது ஆசிரியர் இல்லாத பத்திகளைக் கூட்டாக உட்கார்ந்து தயாரிப்பானேன்? இவற்றோடு பஸ் நிலையத்து அறிவிப்பு, உரக் கம்பெனி விளம்பரம், கிராம சபை நோட்டீசு, ஒரே சம்பவத்தைப் பற்றி இரண்டு பத்திரிகைகள் எழுதிய செய்தி ஆகியவற்றையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். செலவில்லாத பாடப் புத்தகம் அது.

விடைத்தாள் திருத்துகிறவர்களின் கஷ்டத்தையும் மறக்கக் கூடாது. லட்சக்கணக்கான தாள்களைச் சில வாரங்களில் முடிக்க வேண்டியவர்களுக்கு, ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்ட விடைகளுக்கு மார்க்குப் போடுவது சிரமம். அதற்கும் வழி இல்லாமல் இல்லை. நாலு வாக்கியங்களைக் கொடுத்து, இவற்றில் எழுதினவர் தாமே உறுதி கூறுவது எது என்று கேட்டால் விடை ஒன்றுதான். திருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். எழுதுகிறவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் எழுத முடியும்.

பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வாசிப்பு இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கிச் சிறு புத்தகங்கள் வெளியிட்டது. அதன் நாலு படிகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர். நல்ல பெயர்கள். பிள்ளைகளைப் புத்தகத்துக்குள் இழுக்கிற பெயர்கள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு ஐந்தாவதாக ஒரு படி வேண்டும் என்பது என் யோசனை. அதற்கு 'நில்' என்று பெயர் வைக்கலாம். கதையில் பறக்கலாம், பறக்கத்தான் வேண்டும். கட்டுரையிலும் செய்தியிலும் சட்டத்திலும், 'ஆம்' வந்தால் நிற்க வேண்டும். 'மட்டும்' வந்தால் நிற்க வேண்டும். எழுவாய் காணவில்லை என்றால் நின்று, அது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும்.

பரீட்சைக்குத் தயார் செய்வது கேவலமான தொழில் என்று நான் சொல்லமாட்டேன். கரியாலூர்ப் பிள்ளைக்கு அந்த மார்க்கு வேண்டும். மலையை விட்டு இறங்கிக் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸுக்கு அதுதான் டிக்கெட்டு. ஆனால் பத்தாம் வகுப்புப் பத்தி வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். வீட்டு வாசலில் காகிதம் வந்துகொண்டே இருக்கும். அதன் கீழே கேள்விகள் அச்சடித்திருக்கமாட்டா. கேள்விகளை அந்தப் பிள்ளைதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.